கேரண்டியின் கறை இல்லாத காடைகள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கரண்ட் பில்லில் அதைப் பார்க்கலாம். மற்றபடி யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. துணிக்கடையில், மீட்டர் கணக்கில் துணி கிழித்துக் கொடுக்கும் பிரிவில், மீசை முளைத்த வயதில் போய் நின்றவர் மண்டை வழுக்கையாகும்வரை அங்கேயே நின்றார். துணிக்கட்டை மேஜைமேல் தட்டி உருட்டி, "சாயம் போகாது, கேரண்டி. சுருங்காது, கேரண்டி. நீங்க போனாலும் துணி போகாது" என்று சொல்லிச் சொல்லியே ஊருக்கெல்லாம் கேரண்டி ஆகிப்போனார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்குத் துணியில் அப்படி ஒரு கண். தள்ளி நின்று ஒரு கட்டைப் பார்த்தால் போதும், நடுவில் எங்கேயோ ஒரு இழை பிசகியிருப்பதைச் சொல்லிவிடுவார். மடிப்புக்குள் ஒரு துளி மை தெறித்திருந்தால்கூட அவர் கண்ணிலிருந்து தப்பாது. புள்ளி விழுந்த துணி, கறை பட்ட துணி என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். அந்தக் கண்தான் பின்னால் அவர் மூக்கை உடைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அவரிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. சுருங்கிப்போன சட்டையைத் தூக்கிக்கொண்டு யாராவது சண்டைக்கு வந்தால், அவர்கள் வாயைத் திறக்கும் முன்னாலேயே தன்னைத்தானே நாலு போடு போட்டுக்கொள்வார். "என் தலையில முடி நிக்கும்னுகூட எங்க வீட்டம்மாவுக்கு கேரண்டி குடுத்தேன் சார். பாருங்க, பளபளன்னு ஆயிடுச்சு. என் பேச்சை நானே நம்புறதில்ல, நீங்க எப்படி சார் நம்புனீங்க?" வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தபிறகு சண்டை எங்கே போட? சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த வித்தை வீட்டிலும் பலித்தது. பலிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும் என்று இப்போது அவரே சொல்கிறார்.

ஊரெல்லாம் ரெடிமேட் சட்டை போட ஆரம்பித்த பிறகு மீட்டர் துணி வாங்க யார் வருவார்கள்? முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, கையைக் குலுக்கி, விற்காமல் கிடந்த லைனிங் துணி ஒரு கட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார். வழுவழு என்று சட்டைக்குள் உள்பக்கம் வைத்துத் தைப்பார்களே, அந்தத் துணி. கேரண்டி அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இந்தாம்மா, விக்காத சரக்கை எல்லாம் கடையிலிருந்து கழிச்சுட்டாங்க. ரெண்டு உருப்படி வந்திருக்கு. ஒண்ணு இந்தத் துணி, இன்னொண்ணு நான்" என்றார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் கூடுதல் நேரம் வேலை பார்க்கத் தொடங்கினாள்.

அவள் வேலை செய்தது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளுக்கும் தலையணை உறைகளுக்கும் இஸ்திரி போட வேண்டும். நின்றுகொண்டேதான் போட வேண்டும். வருஷக்கணக்காக நின்று நின்று அவள் கெண்டைக்கால் பின்பக்கம் நரம்பெல்லாம் நீலம் நீலமாகப் புடைத்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நிக்கிற வேலையை விட்டுடுங்க. இப்படியே நின்னீங்கன்னா இது புண்ணாகும். ஆறாத புண்ணு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவர் யோசித்தார். வேலையை விட்டால் வீடு எப்படி ஓடும்? ஓடாது. விடாவிட்டால் கால் போகும். இந்தக் கணக்கில் தன் பெயர் எங்கேயும் இல்லையே என்று அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் காடை யோசனையோடு மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன். ஊருக்கு வெளியே குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் ஒயரிங் வேலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தான்.

"மாமா, ஆடு மாடுன்னா இடம் வேணும். காடைக்கு இடமே வேண்டாம். உங்க சாமான் ரூம் போதும். ஆறேழு வாரத்துல முட்டை போட ஆரம்பிச்சுடும். முட்டைக்கு முட்டை, கறிக்குக் கறி."

"காடைக்கு இடம் இருக்கு மாப்ள. எனக்கு இந்த வீட்டுல இன்னும் இடம் இருக்கான்னு உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அக்கா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நிஜமாவே முட்டை வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வர்ற அன்னிக்கு நீ வேலையை விட்டுடு. கேரண்டி" என்றார் அவர்.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய் பழகிப்போச்சே, என்ன செய்ய?

சாமான் அறையைக் காலி செய்தார்கள். உடைந்த ஃபேன், பழைய பாய், மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன பொம்மைப் பெட்டி எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. மச்சான் ஒரு அட்டைப் பெட்டிக்கு மேல் பல்ப் கட்டித் தொங்கவிட்டுக் கொடுத்தான். பிறந்த குஞ்சுக்கு முதல் சில வாரம் சூடு குறையக்கூடாது. பெட்டிக்குள் தரையில் என்ன விரிப்பது? கேரண்டிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. லைனிங் துணிக் கட்டை எடுத்தார், அளந்தார், கிழித்தார், சுருக்கம் இல்லாமல் நீவி விரித்தார். அப்படி ஒரு நீவல், பெட்டிக்குள் முகம் பார்க்கலாம்.

குஞ்சுகள் வந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், மஞ்சளும் பழுப்புமாய் வரி. பெட்டிக்குள் இறக்கியதும் அத்தனையும் கால் வழுக்கிப் பப்பரப்பே என்று விழுந்தன. எழுந்தன, வழுக்கின. ஒன்றுக்கு இடது கால் மேற்கே போனது, வலது கால் கிழக்கே போனது. கேரண்டிக்குத் துணியின் தரத்தைப் பற்றித்தான் முதலில் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் விளங்கி, அரக்கப்பரக்க அதை உருவிவிட்டுக் கோணிச்சாக்கைப் போட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தண்ணீருக்கு வீட்டிலிருந்த நல்ல சாப்பாட்டுத் தட்டையே வைத்திருந்தார். உள்ளே போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தால், பாதிக்கு மேல் குஞ்சுகள் தட்டுக்குள் மிதக்கின்றன. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குஞ்சு கொடுத்த பண்ணைக்காரம்மாவுக்குப் போன் போட்டார். அந்தம்மா போனிலேயே வறுத்து எடுத்துவிட்டார்.

"தட்டு நிறைய தண்ணி வச்சீங்களா? உங்களுக்கு அது தட்டு, அதுக்கு அது குளம்! கூழாங்கல்லைப் போட்டு நிரப்பணும் சார். அலகு மட்டும் உள்ள போனா போதும். இதைக்கூட கேக்காம வாங்கிட்டுப் போயிட்டீங்களே!"

கூழாங்கல் போட்டார். மிஞ்சிய நாலைந்து குஞ்சுகளையும், விடியற்காலை பல்ப் ஃபியூஸ் போய்ச் சூடு இல்லாமல் பறிகொடுத்தார். அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவில் இருந்தால் சூடு கிடைக்கும் என்று நெருக்கியடித்தபடியே செத்திருந்தன. அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். மனைவி வேலை முடிந்து வந்து, "குஞ்சு எப்படி இருக்கு?" என்றபோது முகம் கழுவியாகிவிட்டது.

"முதல்ல நீச்சல் வகுப்பு நடத்தினேன், யாரும் பாஸ் பண்ணல. அப்புறம் குளிர்ல தாங்குற வகுப்பு. அதுலயும் எல்லாரும் ஃபெயில். வாத்தியார் சரியில்லம்மா" என்றார்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்க் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை பண்ணைக்காரம்மாவே ஒரு வழி சொன்னார். பிறந்த குஞ்சு வேண்டாம், மூன்று வாரம் வளர்ந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குச் சூடும் வேண்டாம், தண்ணீரில் முழுகவும் முழுகாது என்றார். கேரண்டி மச்சானின் வண்டியை வாங்கிக்கொண்டு பண்ணைக்குப் போனார். பெரிய கொட்டகை. கம்பி வலை அடைப்புக்குள் நூற்றுக்கணக்கில் காடைகள் குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் தீவன லாரி வந்து நின்றதால் பண்ணைக்காரம்மா மூட்டையை எண்ணுவதும் டிரைவரை அதட்டுவதுமாக இருந்தார்.

"முட்டைக்கா கறிக்கா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

ஏற்கெனவே ஒரு தடவை மானம் போனவர். முட்டைக்குத்தான், ஆனால் எப்படிப் பொறுக்குவது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மனுஷன் கெத்தை விடுவாரா? "ரெண்டுக்கும்தான்மா" என்றார், ஏதோ பரம்பரையாய்க் காடை வளர்ப்பவர் மாதிரி.

"அப்போ நீங்களே பார்த்துப் பொறுக்கிக்குங்க. நெஞ்சைப் பார்த்து எடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தம்மா லாரி பக்கம் போய்விட்டார்.

நெஞ்சு! கேரண்டி குனிந்து பார்த்தார். உண்மைதான், நெஞ்சில்தான் வித்தியாசம் இருந்தது. சிலதுக்கு நெஞ்சு முழுக்க ஒரே செங்கல் நிறம். ஒரு பிசிறு கிடையாது, சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி சீராக இருந்தது. மற்றதுகளுக்கு வெளிறிப்போன நெஞ்சில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி. யாரோ பேனாவை உதறிவிட்டது போல. அவருக்குக் கொட்டகை மறந்துபோனது, காடை மறந்துபோனது. திரும்பவும் மேஜைக்குப் பின்னால் நின்றார். எது நல்ல சரக்கு, எது கழிச்ச சரக்கு என்று இவருக்கா தெரியாது? புள்ளி விழுந்ததை எல்லாம் ஒதுக்கி ஒதுக்கித் தள்ளினார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால்கூட, "ம்ஹூம், நீ வேண்டாம்ப்பா" என்று கீழே விட்டார். கறை இல்லாததாகப் பார்த்துப் பார்த்துக் கூடையை நிரப்பினார்.

பண்ணைக்காரம்மா திரும்பி வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். "அடேயப்பா! ஒண்ணுகூடத் தப்பாம பொறுக்கியிருக்கீங்களே! எங்க ஆளுங்களே இவ்வளவு சுத்தமா பிரிக்க மாட்டாங்க."

கேரண்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடையை விட்டு வந்தபிறகு அவர் கண்ணை மெச்சி யாரும் பேசியதே இல்லை. வீட்டுக்கு வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

காடைகள் நன்றாகத்தான் வளர்ந்தன. அதில் குறை சொல்ல முடியாது. பயந்தால் காடை பறக்காது, நேராக மேலே எவ்வி மண்டையை இடித்துக்கொள்ளும் என்று மச்சான் சொல்லியிருந்தான். கேரண்டி கூண்டின் மேல்பக்கம் கம்பிக்குப் பதிலாகப் பருத்தித் துணியை இழுத்துக் கட்டினார். ஒரு காடைக்கும் மண்டையில் அடிபடவில்லை. தீவனத்தைக் கையால் பிசைந்து பார்த்துப் போட்டார். எச்சத் தட்டைத் தினம் இழுத்துக் கழுவினார். அப்படியும் சாமான் அறையில் அடித்த நெடியில் கண் எரிந்தது. அவர் மேலேயே அந்த வாடை ஏறிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் எழுந்து போனார்கள். "பஸ்ல எனக்கு எப்பவும் ரெண்டு சீட்டு" என்று அதையும் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் காலையில் ஒரு காடை தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தியது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு அத்தனையும். கேரண்டி ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்தார்.

"கேட்டியா? முட்டை போடப்போற கோழி கொக்கரிக்கும்ல, அந்த மாதிரி! நேரம் நெருங்கிடுச்சு!"

அடுத்த சில நாளில் எச்சத் தட்டில் வெள்ளை வெள்ளையாய் நுரை உருண்டைகள் கிடந்தன. சோப்பு நுரை மாதிரி, புஸுபுஸுவென்று. அவர் ஒன்றை விரலில் தொட்டு எடுத்து ஆராய்ச்சி பண்ணினார். வெள்ளையாக இருக்கிறது, வாலுக்கு அடியிலிருந்து வருகிறது. வேறென்ன? முட்டை ஓடு கட்டுவதற்கு முன்னால் இப்படித்தான் நுரையாக வரும்போல என்று அவரே முடிவு செய்துகொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கெத்து என்னாவது?

அன்று சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நுரையை ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டு வாசலுக்கே போனார்.

"முட்டைக்கு முன்னாடி வர்றது வந்துடுச்சு! இனி முட்டைதான் பாக்கி!"

அவள் அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "விளையாடலையே?"

"இதுல என்ன விளையாட்டு?"

"சரி" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. கேரண்டி அதைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

முட்டை வரவில்லை. தினமும் கூண்டுக்கு அடியில் தவழ்ந்து தேடினார். சண்டைதான் வந்தது. ஒன்று இன்னொன்றின் மண்டையைக் கொத்திக் கொத்தி, பாதிக் காடைகள் வழுக்கையாகிவிட்டன. "என்னைப் பார்த்து வளருதுங்க, வேற எப்படி இருக்கும்?" என்று மொட்டை மண்டையைத் தடவிக்கொண்டார். தினமும் சாயங்காலம் அவள் "வந்துச்சா?" என்பாள். "நான் உட்கார்ந்து போட்டாத்தான் உண்டு" என்பார். அவள் சிரிப்பாள். கடைசியில் ஒரு காடையைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு பண்ணைக்குப் பஸ் ஏறினார்.

பண்ணைக்காரம்மா பையைத் திறந்து காடையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இது சேவலாச்சே. நல்லாத்தானே இருக்கு? என்ன பிரச்சினை?"

"முட்டை போடல" என்றார் கேரண்டி.

அந்தம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சேவல் எப்படி சார் முட்டை போடும்?"

"இது சேவல், சரி. மத்ததும் போடலையே."

"மத்தது எல்லாம் எப்படி இருக்கு? நெஞ்சு?"

"எல்லாம் இதே மாதிரிதான். ஒரு புள்ளி கிடையாது. நானே பொறுக்கினது" என்றார். அதைச் சொல்லும்போதுகூடக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததுதான் கொடுமை.

பண்ணைக்காரம்மாவுக்கு முதலில் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. பிறகு நிற்க முடியாமல் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "ஐயா சாமி! புள்ளி இருக்கிறதுதான் பொட்டை! அன்னிக்கு நீங்க ஒரு பொட்டைகூடக் கலக்காம எடுத்ததைப் பார்த்து, ஆள் கறிக்கு எடுக்கறாரு, என்ன ஒரு கண்ணுன்னு நான் அசந்துபோயிட்டேன்!"

"அப்போ அந்த நுரை?"

"அது சேவலுக்கு மட்டும்தான் வரும்!"

கேரண்டிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. அசடு வழியச் சிரித்து வைத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பழைய வித்தை தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். இறங்கும்போது நல்லதாக ஒன்று தயாராகிவிட்டது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மனைவி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் ஸ்டூல்மேல் நீட்டி, கண்ணை மூடியிருந்தாள். மூடிய கண்ணோடே சிரித்தாள்.

"இன்னியோட முடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

"எதை?"

"வேலையைத்தான். நீங்க நுரையைக் கொண்டுவந்து காட்டினீங்களே, மறுநாளே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். ஆள் மாத்த அவகாசம் கேட்டாங்க, இன்னி வரைக்கும் நின்னு குடுத்தேன். உங்ககிட்ட இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். கேளுங்க, சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியைக் கீழ வச்சப்போ காலே பஞ்சு மாதிரி ஆயிடுச்சு."

கேரண்டி வாசலிலேயே நின்றார். கையில் துணிப்பை, பைக்குள் சேவல். வாயில் தயாராக இருந்தது தானாக வெளியே விழுந்தது.

"நம்ம வீட்டுல ஒரு பெரிய கல்யாண மண்டபமே நடத்திக்கிட்டு இருக்கேன்மா. உள்ள அத்தனை பேரும் மாப்பிள்ளை. பொண்ணு ஒண்ணுகூடக் கிடையாது. தேடித் தேடி நானே பொறுக்கினது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு. "போங்க, உங்களுக்கு வேற வேலையில்ல. எல்லாம் சேவலா இருந்தா அந்த நுரை என்னவாம்?" என்று சொல்லித் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

நம்பவில்லை. இத்தனை வருஷமாக அவர் சொன்னது எதையும் அவள் பாதிக்குமேல் நம்பியதில்லை, ஏனென்றால் அவர் பாதிக்குமேல் நிஜமாகச் சொன்னதில்லை. இப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. இன்றைக்கு ஒருநாளாவது அவள் நிம்மதியாகக் கால் நீட்டட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு அந்தக் காலைப் பார்த்தார். நீலமாக, முறுக்கிக்கொண்டு. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"விளையாட்டு இல்லம்மா. நிஜம். எல்லாமே சேவல். முட்டை வராது. எனக்குத் தெரியல, யாரையும் கேக்கவும் இல்ல. என்னால உன் வேலை போச்சு."

அவள் கண்ணைத் திறந்தாள். பைக்குள் காடை ஒருதரம் இறக்கையை அடித்துக்கொண்டது.

"அன்னிக்குக் குஞ்செல்லாம் செத்துச்சே. நீச்சல் வகுப்புன்னு சொன்னீங்களே. அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"அழுதேன்."

"கடையில நிப்பாட்டினப்போ?"

"கடைக்குப் பின்னாடி கக்கூஸ்ல போய் அழுதுட்டுத்தான் வந்தேன்."

"நான் சிரிச்சேனே" என்றாள் அவள். "ரெண்டு தடவையும் நான் சிரிச்சேனே. என்னைச் சிரிக்க வச்சுட்டீங்களே!"

அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் ஒரு கோபம். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. ஒரு வார்த்தை பண்ணைக்காரம்மாவைக் கேட்டிருந்தால் என்ன, வாய் வலிக்குமா என்றாள். கோபப்பட வாயைத் திறந்தாலே சிரிப்புக் காட்டி அடைத்துவிடுகிற மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்றாள். தன் காலை வைத்துக்கூட அவருக்குச் சூதாட மனசு வந்ததே என்றாள். கேரண்டி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நாக்கு நுனிவரை இரண்டு மூன்று தடவை ஏதோ வந்தது, கடித்து முழுங்கிக்கொண்டார். அவள் திட்டத் திட்ட, வாங்கிக்கொள்வதும் ஒரு வேலைதான் என்று அவருக்குப் பட்டது.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்குப் போய்ச் சூப்பர்வைசர் கால்ல விழுந்தாவது அந்த இடத்தைத் திரும்ப வாங்கறேன்" என்றாள்.

"அந்த இடத்துக்கு நான் போறேன்" என்றார் அவர்.

"உங்களுக்கு இஸ்திரி போடத் தெரியுமா?"

"தெரியாது. கேட்டுக் கத்துக்கறேன்."

மறுநாள் போய்க் கேட்டார். சூப்பர்வைசர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆள் அவசரம், சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம் என்று அவள் நின்ற மேஜையையே காட்டினார். நிற்பதில் தனக்கு என்ன கஷ்டம் என்று கேரண்டி நினைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் நின்றவர்தானே? ஆனால் கடையில் நின்றது வேறு. அங்கே சாய்ந்துகொள்ள மேஜை உண்டு, ஆள் வராத மத்தியானம் உண்டு, போய்ப் பேச்சுக் கொடுக்க ஆள் உண்டு. இங்கே விரிப்பு வந்துகொண்டே இருந்தது. ஒன்றை மடித்து வைத்தால் அந்த இடத்தில் ஈரம் காயாத இன்னொன்று வந்து விழுந்தது. கீழே சிமெண்டுத் தரை, மேலே நீராவி. பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார். மெஷின் இரைச்சலில் அவள் காதில் விழவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று அவள் கத்தினாள்.

"ஒண்ணுமில்ல!" என்று இவரும் கத்தினார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணே வந்து பேசினாள். "அக்கா மத்தியானத்துக்கு மேல ஒரு காலை இந்தக் கம்பிமேல வச்சுக்குவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அடுத்த காலு. நீங்களும் அப்படிச் செய்ங்க." மேஜைக்கு அடியில் குறுக்காக ஒரு இரும்புக் கம்பி ஓடியது. பெயிண்டெல்லாம் போய், ஒரு பாதம் வைக்கிற அளவுக்கு மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. கேரண்டி தன் காலை அதன்மேல் வைத்தார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவருக்கு யாரிடமும் வேடிக்கை பேசத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏற முடிந்தது. சாமான் அறையில் ஒரே அமைதி. மச்சானும் அவன் அக்காவும் அன்றைக்கே வண்டியில் சேவல்களை ஏற்றிப் போய்க் கறிக்கடையில் கொடுத்துவிட்டு, பண்ணைக்கும் போய்வந்திருந்தார்கள். கூண்டில் புதுக் காடைகள் இருந்தன. நெஞ்சில் புள்ளி புள்ளியாக, இவர் கண்ணுக்கு இப்போதும் பார்க்கச் சகிக்காமல் இருந்தன.

"அந்தம்மா எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாங்க. உட்கார்ந்துக்கிட்டே பொறுக்கினேன்" என்றாள் மனைவி. "எதுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். இன்னும் சில வாரம் ஆகுமாம். வந்தா வரட்டும், நான் பார்த்துக்கறேன்."

அவள் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். உட்காரும்போது முட்டியில் ஏதோ சத்தம் போட்டது. அவள் எதிரே உட்கார்ந்து அவர் காலையே பார்த்தாள்.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

பழக்கதோஷத்தில் ஏதோ ஒன்று வாய்வரை வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"வலிக்குதும்மா" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.